கும்பகர்ணன் ஏன் அந்தப் பக்கம் போகவில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி கம்பராமாயணம் வாசிக்கிறோம். கட்டணம் கிடையாது, சுக்குக் காப்பி உண்டு. யுத்த காண்டத்துக்கு வந்தபிறகு வேகமாகப் போய்விடலாம் என்று நினைத்தோம், ஆனால் கும்பகர்ணன் ஒருத்தனிலேயே ஆறு வாரம் நின்றுவிட்டோம். வருகிறவர்கள், வராமல் போனில் கேட்கிறவர்கள், பேத்தியின் பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டிக்காகக் கேட்கிறவர்கள் என்று ஒரே மாதிரிக் கேள்விகள் திரும்பத் திரும்ப வந்ததால் எழுதி வைக்கிறேன். தம்பி கூப்பிட்டும் கும்பகர்ணன் இராமன் பக்கம் போகாததற்கு அவனுக்குள் இருந்த ஒரு பயமும் காரணம், செஞ்சோற்றுக் கடன் அவனுக்கு ஒரு பொறி ஆகிவிட்டது என்று நான் கூட்டத்தில் சொன்னதைப் பற்றித்தான் பல கேள்விகள். பதில் எல்லாம் என்னுடைய கருத்து. கூட்டத்திலேயே பாதிப்பேர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அதுவும் சரிதான்.

கும்பகர்ணன் என்றாலே தூக்கம், தீனி. சிரிப்புக்கு வைத்த ஆள் இல்லையா?

நானும் ரொம்ப நாள் அப்படித்தான் வைத்திருந்தேன். சின்ன வயதில் கோயில் கொடைக்கு, அதாவது திருவிழாவுக்கு, தோல்பாவைக்கூத்து போடுவார்கள்; வெள்ளைத் துணி, பின்னால் விளக்கு, கோமாளிப் பாவைகளான உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து சண்டை போட்டால் மணலில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் எல்லாம் உருண்டு உருண்டு சிரிக்கும். அந்தச் சிரிப்போடு சேர்ந்துதான் கும்பகர்ணனின் குறட்டையும் என் காதில் ஏறியது. வீட்டில் காலையில் எழும்பவில்லை என்றால் 'லேய் கும்பகர்ணா'தான். பள்ளிக்கூடத்தில் 'உறங்குகின்ற கும்பகன்ன! உங்கள் மாய வாழ்வு எலாம் இறங்குகின்றது' என்று கையைக் காலை ஆட்டி ஒப்பித்துப் பரிசுகூட வாங்கியிருக்கிறேன், ஒரு எவர்சில்வர் டம்ளர்.

அந்தப் பாட்டின் பின்பாதியை நிதானமாகப் படித்தது நாற்பது வயதுக்கு மேல்தான். எழுந்திரு எழுந்திரு என்று உலுக்குகிறவர்களே, 'கால தூதர் கையிலே உறங்குவாய், உறங்குவாய், இனிக் கிடந்து உறங்குவாய்' என்று முடிக்கிறார்கள். எமனுடைய ஆட்கள் கையில் போய்ப் படுத்துக்கொள் என்று சொல்லி ஒருத்தனை எழுப்புகிறார்கள். சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

முழுக்கதையும் தெரியாது. சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

இராவணன் சீதையைக் கொண்டுவந்து சிறை வைத்திருக்கிறான். தம்பிகள் இரண்டு பேர், கும்பகர்ணன், விபீஷணன். மந்திராலோசனையில் இரண்டு பேரும் 'நீ செய்தது தப்பு' என்கிறார்கள். விபீஷணன் விடாமல் சொல்லித் திட்டு வாங்கி இராமன் பக்கம் போய்விடுகிறான். கும்பகர்ணன் தூங்கப் போகிறான். போர் தொடங்கி இராவணன் முதல் நாளிலேயே தோற்று வெறுங்கையோடு திரும்புகிறான், தம்பியை எழுப்பச் சொல்கிறான். எழுந்தவன் மறுபடியும் 'சீதையை விட்டுவிடு' என்கிறான், அண்ணன் ஏசுகிறான், இவன் சூலத்தைத் தூக்கிக்கொண்டு போகிறான். களத்தில் விபீஷணன் வந்து 'எங்களோடு வா' என்று கெஞ்சுகிறான். போகவில்லை. இராமன் அம்பில் சாகிறான்.

தப்பு எது, சரி எது, முடிவு என்ன எல்லாம் தெரிந்த ஒருத்தன் போய்ச் சாகிறான் என்பதுதான் எங்கள் ஆறு வாரத்தைத் தின்ற விஷயம்.

எமனுக்கே பயப்படாதவன் அவன். அவனுக்குப் போய் பயம் இருந்தது என்கிறீர்களே?

சாவுக்குப் பயம் கிடையாது, உண்மை. அவனுடைய பயம் வேறு. அதைக் கம்பன் ஒளித்து வைக்கவும் இல்லை, நாம்தான் வேகமாக வாசித்துத் தாண்டிவிடுகிறோம்.

அந்த மந்திராலோசனை நடக்கிற மந்திரப் படலத்துக்குப் போங்கள். எல்லாத் தளபதிகளும் இராவணனுக்குச் சாமரம் வீசுகிற மாதிரிப் பேசி முடித்தபிறகு கும்பகர்ணன் எழுந்து சொல்கிறான்: 'பேசுவது மானம், இடை பேணுவது காமம், கூசுவது மானுடரை, நன்று, நம் கொற்றம்.' வாயில் மானம், மனசில் காமம், இதில் மனிதர்களைக் கண்டு கூச்சம் வேறு, நம்ம ஆட்சி நல்லாத்தான் இருக்கு. ஒரு அரசனை அவன் சபையிலேயே, அதுவும் சொந்தத் தம்பி, இப்படிக் கிழித்த இடம் தமிழில் அதிகம் இருக்காது. வாசிக்கிற நமக்கு சபாஷ் என்று தோன்றும்.

அடுத்த பாட்டைப் பாருங்கள். 'சிட்டர் செயல் செய்திலை, குலச் சிறுமை செய்தாய்' என்று தொடங்குகிறவன், அதே மூச்சில், ஆனால் இப்போது அவளை விட்டுவிட்டால் 'எளியம் ஆதும்' என்கிறான். நாம் இளைத்தவர்களாகிவிடுவோம். சண்டை போட்டு அவர்கள் ஜெயித்து நாம் செத்தால், 'அதுவும் நன்று, பழி அன்றால்'. அப்புறம் அவனே ஒரு திட்டமும் கொடுக்கிறான்: அவர்களுக்குப் படை சேர்வதற்கு முன்னால் நாமே கடல் தாண்டிப் போய் வேரோடு முடித்துவிடுவோம். அண்ணனுக்கு ஒரே சந்தோஷம், நானும் இதைத்தான் நினைத்தேன் என்கிறான்.

குற்றம் என்று தீர்ப்புச் சொன்ன வாயே குற்றத்தைக் காப்பாற்ற வழியும் சொல்லிவிட்டது. நடுவில் நின்றது அந்த 'எளியம் ஆதும்' மட்டும்தான். நாலு பேர் நம்மைச் சின்னவர்களாகப் பார்த்துவிடுவார்களோ என்கிற கூச்சம். அண்ணனைப் பார்த்து 'கூசுகிறாய்' என்று சொன்னவனுக்குள்ளும் அதே கூச்சம் உட்கார்ந்திருக்கிறது, அவனுக்கு அது தெரியவில்லை. மற்ற எல்லாம் தெரிந்தவனுக்கு இது ஒன்று தெரியவில்லை.

அப்படியானால் செஞ்சோற்றுக் கடன்? அது பெரிய குணம் அல்லவா, அதைப்போய் பொறி என்றால் எப்படி?

பெரிய குணம்தான். இல்லை என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. (இதற்காக ஒரு பெரியவர் என்னோடு இரண்டு வாரம் பேசவில்லை.) பொறி என்று ஏன் சொல்கிறேன் என்றால், எலிப்பொறிக்குள் வைக்கிற தேங்காய்த் துண்டு நல்ல தேங்காயாக இருந்தால்தான் எலி வரும்.

சோறு இந்தக் கதையில் எப்படி எப்படி வருகிறது என்று கவனியுங்கள். எழுந்தவுடன் 'ஆறு நூறு சகடத்து அடிசில்' சாப்பிடுகிறான், அறுநூறு வண்டிச் சோறு, கூடவே குடம் குடமாகக் கள். நாம் இதைத் தீனிக் கணக்காகச் சிரித்துக்கொண்டு படிக்கிறோம். சாப்பிட்டு அண்ணன் முன்னால் போனதும், அண்ணன் அவனை அலங்காரம் பண்ணிப் போருக்கு அனுப்பத் தயாராகிறான். எதற்கு இதெல்லாம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, 'ஆனதோ வெஞ்சமர்?' என்று அதிர்ந்து, சீதையை விட்டுவிடு, இராமன் காலில் விழு, விபீஷணனோடு சேர்ந்துகொள், பிழைக்க வழி இதுதான் என்கிறான். அப்போது இராவணன் சொல்கிற பதில் இருக்கிறதே! இரண்டு மனிதர்களையும் கூன் குரங்கையும் கும்பிட்டுப் பிழைக்கிற தொழில் 'உம்பிக்கும் உனக்குமே கடன்', எனக்கு ஆகாது, எழுந்து போ. அதோடு விட்டானா? 'பிறங்கிய தசையொடு நறவும் பெற்றனை', கறியும் கள்ளும் கிடைத்துவிட்டது, கண்ணை மூடிக்கொண்டு இராப்பகல் 'உறங்குதி போய்'.

அண்ணன் தம்பியாக வளர்ந்தவர்களுக்குத்தான் எங்கே குத்தினால் வலிக்கும் என்று தெரியும். தின்ற சோற்றைச் சொல்லிக் காட்டினான், கோழை என்றான், ஓடிப்போன தம்பியோடு சேர்த்து ஒரே கணக்கில் எழுதினான். மூன்று குத்து. சொல்லிவிட்டு, என் தேரைக் கொண்டுவா, நானே போகிறேன் என்று கிளம்புகிறான். அதற்குமேல் இவன் ஒரு வாதமும் பண்ணவில்லை. பொறுத்துக்கொள் என்று காலில் விழுந்து சூலத்தை எடுத்துவிட்டான்.

நன்றி என்கிற குணமும், எளியவன் ஆகிவிடுவோம் என்கிற பயமும் அவனுக்குள் தனித்தனி அறையில் இருந்திருந்தால் ஒன்றை வைத்து இன்னொன்றைச் சமாளித்திருப்பான். இரண்டும் ஒரே கயிறாகத் திரிந்துவிட்டது. சோறு தின்றவன் என்பதால் போகிறானா, சோற்றுக்குத் துரோகம் பண்ணினான் என்று சொல்வார்களே என்பதால் போகிறானா, பிரித்துப் பார்க்க அவனாலேயே முடிந்திருக்காது.

நிஜ வாழ்க்கையில் இப்படி யாராவது இருக்கிறார்களா?

என் சித்தப்பா. குலசேகரம் பக்கம் அவருடைய அண்ணன், அதாவது எங்கள் பெரியப்பா, ரப்பர் ஷீட் வியாபாரம் பண்ணினார். சித்தப்பாவைப் படிக்க வைத்ததும் கல்யாணம் பண்ணி வைத்ததும் அவர்தான். பின்னால் பெரியப்பா ஊரெல்லாம் கடன் வாங்க ஆரம்பித்தார், ஷீட் விலை ஏறும் என்று சொல்லி வாங்கி வேறு எதிலோ விட்டார், வீட்டில் எல்லோருக்கும் தெரியும், சித்தப்பாவுக்கு நன்றாகவே தெரியும். அவரே ஒரு நாள் பெரியப்பாவை உட்கார வைத்து, 'இது நல்லதுக்கில்ல அண்ணே, விளைய வித்தாவது கணக்க முடியுங்க' என்று சொன்னார். சொன்னவர்தான் அடுத்த மாதம் ஜாமீன் கையெழுத்தும் போட்டார். சித்தி அழுதாள். அதற்கு அவர் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது: 'எனக்க அண்ணன் சோத்தத் தின்னு வளந்த உடம்புல்லா இது. நான் கையெழுத்துப் போடல்லைன்னா நாளைக்குச் சந்தையில எவன் மூஞ்சியில முழிப்பேன்?'

இரண்டு வாக்கியம். முதலாவது குணம், இரண்டாவது பயம். மூச்சுவிடாமல் ஒன்றாகவே சொன்னார். எண்பது சென்ட் ரப்பர் விளை, அதாவது தோட்டம், போயிற்று. அண்ணன் மேல் கடைசிவரை அவருக்குக் கோபம் கிடையாது என்பதுதான் எங்களுக்கெல்லாம் எரிச்சல்.

விபீஷணன் செய்ததுதான் சரி என்கிறீர்களா? காட்டிக்கொடுத்தவன் அல்லவா?

கூட்டத்தில் சண்டை வருவது எப்போதும் இங்கேதான்.

விபீஷணன் களத்துக்கு வந்து கேட்கிற கேள்வி நேரானது. 'தீயவை செய்வர் ஆகின், சிறந்தவர், பிறந்த உற்றார், தாய் அவை, தந்தைமார் என்று உணர்வரோ, தருமம் பார்ப்பார்?' தப்பு செய்கிறவன் அண்ணன் என்பதால் அது தப்பில்லாமல் போய்விடுமா? தனக்கு இராமன் கொடுத்த இலங்கையையும் அரசையும் உனக்கே தருகிறேன், நான் உனக்கு ஏவல் செய்துகொண்டு நிற்கிறேன் என்கிறான். பதவிக்காகப் போனவன் பேசுகிற பேச்சு மாதிரி எனக்குத் தெரியவில்லை.

பக்கம் மாறியவர்களை நம்ம ஊர் எப்படி வைத்துக்கொண்டது என்று பார்க்க வேண்டுமானால் புலியூர்க்குறிச்சிக்குப் போங்கள். 1741இல் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவோடு நடந்த போரில் டச்சுக்காரர்கள் தோற்றார்கள், டிலனாய் என்கிற கப்பித்தான் (கேப்டன்) பிடிபட்டார். பிடிபட்டவர் திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி கொடுத்து, அதற்கே தளபதியாகி, 1777இல் இறந்து, உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே அடக்கமாகியிருக்கிறார். கல்லறையில் இலத்தீனும் தமிழும் இருக்கின்றன. 'வலிய கப்பித்தான்' என்று மரியாதையாகத்தான் சொல்வார்கள், துரோகி என்று இங்கே ஒருத்தர் சொல்லி நான் கேட்டதில்லை. ஜெயித்த பக்கத்துக்கு வந்ததால் என்கிறீர்களா? இருக்கலாம். அவருக்கு எதிர்ப்பக்கத்தில் நின்றது கூலி கொடுத்த கம்பெனி, கூடப்பிறந்த அண்ணன் இல்லை, அதுவும் உண்மை.

விபீஷணன் சரி என்பதுதான் என் கட்சி. ஆனால் கும்பகர்ணனைப் பற்றிப் பேசும்போது மட்டும்தான் எனக்குத் தொண்டை அடைக்கிறது, அது ஏன் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

விபீஷணனுக்கு அவன் சொன்ன பதில் என்ன?

முதலில் சந்தோஷப்படவே இல்லை, பதறுகிறான். நீ ஒருத்தனாவது பிழைத்தாயே, எங்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க ஒரு ஆள் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தேன், இங்கே ஏன் வந்தாய்? 'அமுது உண்பாய், நஞ்சு உண்பாயோ?' தன் பக்கம் நஞ்சு என்று அவனே சொல்கிறான், நீங்கள் சொல்லவில்லை, நான் சொல்லவில்லை.

கூப்பிட்டதற்குப் பதில் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு: 'நீர்க்கோல வாழ்வை நச்சி, நெடிது நாள் வளர்த்துப் பின்னைப் போர்க்கோலம் செய்து விட்டாற்கு உயிர் கொடாது, அங்குப் போகேன்.' தண்ணீரில் போட்ட கோலம் மாதிரியான வாழ்க்கை இது, இதை ஆசைப்பட்டு, என்னை இத்தனை நாள் வளர்த்துப் போர்க்கோலம் போட்டு அனுப்பியவனுக்கு உயிரைக் கொடுக்காமல் அங்கே வரமாட்டேன்.

அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது 'கருத்து இலா இறைவன்' என்று தொடங்குகிற பாட்டு. புத்தி கெட்ட தலைவன் தீமை செய்ய நினைத்தால் தடுத்துத் திருத்த முடியுமானால் திருத்தலாம். முடியாது என்றால் வேறு என்ன இருக்கிறது, அவனுக்கு முன்னால் போய்ச் சாவதுதான் 'உண்டவர்க்கு உரியது'. பார்த்தீர்களா, தலைவனுக்கு அவன் வைத்த பெயர் 'கருத்து இலா இறைவன்'. அண்ணன் மேல் ஒரு பிரமையும் இல்லை. பிரமை இருந்திருந்தால் ஒரு நாள் கலைந்து தப்பியிருப்பான்.

திருத்து, இல்லையென்றால் சாவு என்று இரண்டே வழி வைத்திருக்கிறான். விலகுவது என்கிற மூன்றாவது வழி அவன் கண் முன்னால் நின்று அழுதுகொண்டிருக்கிறது, தம்பி உருவத்தில். அது விபீஷணனுக்குச் சரி என்று ஆசீர்வாதம்கூடப் பண்ணுகிறான், சீக்கிரம் போய் இராமனோடு சேர் என்கிறான். எனக்கு மட்டும் ஆகாது. அடுத்தவனுக்குச் சரியாக இருக்கிற அறம் தனக்கு மட்டும் ஏன் சரியில்லை என்று அவன் ஒரு தடவைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

'விதி பிடர் பிடித்து உந்த நின்றது' என்று அவனே சொல்கிறானே. விதி என்று விட்டுவிடலாமே?

சொல்கிறான். ஜெயித்து வருவேன் என்று சொல்லமாட்டேன், விதி கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிறது, செத்துவிடுவேன், செத்தபிறகாவது அவளை விட்டுவிடு. என்னையே ஜெயித்தார்கள் என்றால் உன்னை ஜெயிப்பது நிச்சயம், அதற்கப்புறம் யோசித்துக்கொண்டிருக்காதே.

இதைப் பேசுகிறவன் விதியின் கைப்பொம்மை மாதிரியா தெரிகிறான்? தன் சாவையே ஒரு வாதமாக அண்ணன் முன்னால் வைக்கிறான். வாயால் சொல்லிக் கேட்கவில்லை, பிணமாகக் கிடந்தாவது கேட்கவைக்கலாம் என்று பார்க்கிறான். இராவணன் அதற்கும் மசியவில்லை என்பது தனிக்கதை. பிடரியில் இருந்த கை விதியுடையது என்றால் சரி, ஆனால் அந்தக் கைக்குப் பிடித்துக்கொள்ள அவனுடைய குணம்தான் குடுமியாக இருந்தது.

அவன் தூக்கத்துக்கு ஏதாவது அர்த்தம் உண்டா?

நித்தியத்துவம் கேட்கப்போய் நாக்குக் குழறி நித்திரத்துவம் கேட்டுவிட்டான் என்று பாட்டிமார் சொல்கிற கதை எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் நான் ரொம்ப நோண்ட விரும்பவில்லை. ஒன்று மட்டும்: தப்பு நடக்கிறது என்று தெரிந்த நல்லவர்கள் அதைச் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வது இராட்சசர்களுக்கு மட்டும் உள்ள பழக்கம் கிடையாது.

கர்ணனும் இதே மாதிரிதானே?

தூரத்திலிருந்து பார்த்தால். கர்ணனுக்கும் சோற்றுக் கடன், கர்ணனையும் எதிர்ப்பக்கம் கூப்பிட்டார்கள், தம்பிகள் என்று தெரிந்தும் போகவில்லை. ஆனால் கர்ணன், பாஞ்சாலியைச் சபையில் அவமானப்படுத்தியபோது கூடச் சேர்ந்து பேசியவன். கும்பகர்ணன் சீதையைச் சிறை வைத்ததை முகத்துக்கு நேரே தப்பு என்றவன். அதனால் எனக்கு இவன் கஷ்டம் கூடுதலாகத் தெரிகிறது. கர்ணன் ரசிகர்கள் மன்னிக்கவும், நம்ம ஊரில் அவர்கள்தான் அதிகம்.

துன்பியல் நாயகனுக்கு ஒரு 'குறை' இருக்கவேண்டும் என்று அரிஸ்டாட்டில் சொன்னதாகக் கல்லூரியில் படித்தோம். இவன் குறை என்ன?

அரிஸ்டாட்டில் பயன்படுத்திய 'ஹமார்ஷியா' என்கிற கிரேக்கச் சொல்லுக்குக் குறி தப்புதல் என்பதுதான் அடிப்படை அர்த்தம், அம்பு குறி தப்புகிற மாதிரி. தெரியாமல் செய்கிற பிழைக்கு அது நன்றாகப் பொருந்தும். கும்பகர்ணனுக்குக் குறி நன்றாகத் தெரிகிறது, தூரம் தெரிகிறது, காற்று எந்தப் பக்கம் என்றுகூடத் தெரிகிறது, இருந்தும் அம்பை இறக்கிவைத்துவிட்டான். தேர்வில் இதை அப்படியே எழுதிவிடாதீர்கள், மதிப்பெண்ணுக்கு நான் பொறுப்பில்லை.

வான்மீகியிலும் இப்படித்தானா?

இல்லை. அண்ணனைக் கண்டிப்பது அங்கேயும் உண்டு. அண்ணன் தம்பி களத்தில் நின்று இப்படி விரிவாகப் பேசி அழுவது கம்பன் கொடுத்தது. சாவும் வேறு மாதிரி: வான்மீகியில் அறுபட்ட தலை இலங்கை நகரத்துக்குள் விழுந்து கட்டடங்களை நொறுக்குகிறது, உடம்புதான் கடலில் விழுகிறது. கம்பனில் தலை கடலுக்குப் போகிறது, அதுவும் அவன் கேட்டு வாங்கிப் போகிறது.

சாகும்போது இராமனிடம் ஏதோ வரம் கேட்டானாமே?

இரண்டு. சண்டையின் நடுவில் சுக்கிரீவனை இடுக்கிக்கொண்டு இலங்கைக்குள் போகப் பார்த்தான்; மயக்கம் தெளிந்த சுக்கிரீவன் அவன் மூக்கையும் காதையும் கடித்துக்கொண்டு தப்பிவிட்டான். அதற்கப்புறம் இராமன் அம்பில் கை போய், கால் போய், மலை மாதிரிக் கிடக்கிறான். அந்த நிலையில் முதல் வரம் தம்பிக்காக: இராவணன் இவனைத் தம்பி என்று பார்த்து இரங்கமாட்டான், கண்டால் கொன்றுவிடுவான், உன்னையோ உன் தம்பியையோ அனுமனையோ விட்டு இவன் ஒரு பொழுதும் பிரியாதபடி பார்த்துக்கொள், 'யான் வேண்டினேன்'. கூப்பிட்டபோது போகாதவன், கூப்பிட்டவனை யார் கையில் ஒப்படைத்துவிட்டுப் போகிறான் பாருங்கள்.

இரண்டாவது தனக்காக. 'மூக்கு இலா முகம் என்று முனிவர்களும் அமரர்களும் நோக்குவார் நோக்காமை' என் கழுத்தை அறுத்து, தலையைக் 'கருங் கடலுள் போக்குவாய்'.

மூக்கில்லாத முகம் என்று யாரும் பார்த்துவிடக் கூடாது. கையும் காலும் போனது பெரிதில்லை, உயிர் போவதும் பெரிதில்லை, மூக்கறுபட்ட முகத்தை நாலு பேர் பார்க்கக் கூடாது. சபையில் 'எளியம் ஆதும்' என்றானே, அதே பயம். அங்கே குலத்துக்காகப் பேசுகிற மாதிரி இருந்தது, இங்கே வேஷம் எல்லாம் கழன்று வெறும் முகமாக நிற்கிறது. சந்தையில் எவன் மூஞ்சியில் முழிப்பேன் என்று கேட்ட சித்தப்பாவை இந்தப் பாட்டு வாசிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். விளை போனபிறகு அவர் குலசேகரம் சந்தைக்குப் போவதையே விட்டுவிட்டார். மீன் வாங்கக்கூடப் பக்கத்து வீட்டுப் பையனைத்தான் அனுப்புவார்.

மருந்து மலை வந்தபோது இவனும் பிழைத்திருக்கலாமே?

ஒரு பெண்குழந்தை கேட்டது, பாட்டியோடு வந்திருந்தது. சுசீந்திரத்தில் பதினெட்டு அடி ஆஞ்சநேயரையும், அங்கிருந்து கன்னியாகுமரி போகிற வழியில் மருத்துவாழ்மலையையும் பார்த்து வளர்கிற பிள்ளைக்கு இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அனுமன் தூக்கிப்போன மலையிலிருந்து உடைந்து விழுந்த துண்டு அது என்பது நம்ம ஊர் நம்பிக்கை.

மலை வருவது கும்பகர்ணன் செத்தபிறகு, இந்திரசித்து பிரமாத்திரம் விட்டு எல்லோரும் விழுந்து கிடக்கும்போது. அதன் காற்றுப் பட்டு வானரங்கள் எல்லாம் எழுந்துவிட்டன. அரக்கர்கள் ஏன் எழவில்லை என்பதற்கு வான்மீகியில் காரணம் இருக்கிறது: செத்தவர்கள் எண்ணிக்கை எதிரிக்குத் தெரிந்தால் மானக்கேடு என்று இராவணன் பிணங்களைக் கடலில் போடச் சொல்லிவிட்டான். ஆக அண்ணனும் தம்பியும் ஒரே காரணத்துக்காகக் கடலை நம்பியிருக்கிறார்கள். கதைகள் இரண்டு பேருடையவை, கலந்து சொல்கிறேன், தெரியும். அந்தக் குழந்தை கேட்ட அடுத்த கேள்வி, தலை விழுந்தது மணக்குடிக் கடலிலா? கம்பன் இடம் சொல்லவில்லை என்றேன். அவளுக்குத் திருப்தி இல்லை.

இவனுக்கு நம்ம பக்கம் எங்கேயாவது கோயில் உண்டா?

நான் பார்த்ததில்லை. அநியாயமாகச் செத்தவர்களைத் தெய்வமாக்கி, பீடம் போட்டு, வில்லுப்பாட்டில் அவர்கள் பிறந்ததிலிருந்து செத்தது வரை பாடிக் கொடை கொடுக்கிற மாவட்டம் இது. கும்பகர்ணன் இந்த ஊர்க்காரனாக மட்டும் இருந்திருந்தால் இந்நேரம் ஏதாவது ஒரு விளையோரம் மாடனாக நின்று பொங்கச்சோறு தின்றுகொண்டிருப்பான்.

எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது?

எல்லோரும் நேராகக் கும்பகருணன் வதைப் படலத்துக்குப் போகிறார்கள். வேண்டாம். யுத்த காண்டத்தில் மந்திரப் படலத்தை முதலில் படியுங்கள், அந்த 'எளியம் ஆதும்' கையில் இல்லாமல் போனால் பின்னால் வருகிற கண்ணீர் வெறும் கண்ணீராகப் போய்விடும். உரை உள்ள பதிப்பாக இருந்தால் நல்லது, மாவட்ட நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். பாட்டை வாய்விட்டு வாசியுங்கள். அண்ணனிடம் விடைபெறுகிற பாட்டு, 'இற்றை நாள் வரை, முதல், யான் முன் செய்தன குற்றமும் உள எனின் பொறுத்தி' என்று தொடங்குவது, 'அற்றதால் முகத்தினில் விழித்தல்' என்கிற இடம் வரும்போது எங்கள் கூட்டத்தில் அதுவரை வாசித்துக்கொண்டிருந்தவர் புத்தகத்தைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டார். இனி உன் முகத்தில் விழிப்பது இல்லை என்று அர்த்தம். அவருக்கும் ஒரு அண்ணன் உண்டு, பேச்சுவார்த்தை இல்லை, வடசேரியில்தான் இருக்கிறார்.

அடுத்த வாரம் இந்திரசித்து.